யமஹாவிலிருந்து கோர்குக்கு மாறுவதா? மேடையில் வாசிக்கிறவர்களுக்காக ஒரு கணக்கு

யமஹாவை விட்டுவிட்டு கோர்க் வாங்கலாமா என்று கேட்கிற தம்பிகள் எல்லாரும் டோனில்தான் ஆரம்பிக்கிறார்கள். பியானோ எதில் நல்லா இருக்கு, ஸ்ட்ரிங்ஸ் எதில் கனமா இருக்கு, சாக்ஸ் எதில் நிஜம் மாதிரி கேட்குது. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் வடசென்னையில் புளியந்தோப்பு, வியாசர்பாடி, காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் கச்சேரி வாசித்துப் பிழைக்கிற ஒருவருக்கு டோன் கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் மேடையில் ஓட்டுகிற ரிதம் எல்லாம் எங்கிருந்து வந்தது, யார் செய்தது, புதுக் கீபோர்டுக்குள் அது ஏறுமா, ஏறினாலும் அதே அடியாகக் கேட்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அரேஞ்சர் கீபோர்டு (இடது கையில் கார்டு பிடித்தால் டிரம்ஸ், பேஸ் எல்லாம் தானாகச் சேர்ந்து வாசிக்கிற கீபோர்டு) என்பதே ஸ்டைலுக்காக, அதாவது அந்தத் தானாக ஓடுகிற ரிதத்துக்காக, வாங்குகிற பொருள். டோன் மட்டும் போதும் என்றால் ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10, எக்ஸ்பிஎஸ்-30 மாதிரி சிந்தசைசர் பாதிச் செலவில் வேலையை முடித்துவிடும், நம்ம ஊர் மெல்லிசைக் குழுக்களில் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அரேஞ்சர் வாங்குகிறவர் பெரும்பாலும் ஆள் குறைவான குழுவில் இருப்பவர். டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடார் கிடையாது, ஒரு ஆக்டோபேட் (குச்சியால் அடிக்கிற எலக்ட்ரானிக் டிரம்), ஒரு டோலக், ரெண்டு பாடகர்கள், மிச்சம் எல்லாம் கீபோர்டு தலையில். அப்போது ஸ்டைல் தப்பினால் கச்சேரி தப்பியது.

கம்பெனி உள்ளே வைத்து அனுப்புகிற ஸ்டைல் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900-இல் 525 ஸ்டைல், கோர்க் பிஏ1000-இல் 430-க்கு மேல். இதில் மேடையில் அப்படியே எடுத்து வாசிக்க முடிகிறது எத்தனை? எட்டு பீட், பாலட், வால்ட்ஸ், கொஞ்சம் டிஸ்கோ, பழைய மெலடிக்கு ரும்பா, போசா நோவா. அவ்வளவுதான். யமஹா ஜப்பான் கம்பெனி, கோர்கும் ஜப்பான்தான், ஆனால் அதன் பிஏ வரிசை உருவானது இத்தாலியில். அவர்களுக்கு நம்ம குத்து தெரியாது, தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. இந்தியன் என்று பேர் போட்டு வருகிற ஸ்டைல்களிலும் பெரும்பாலும் வடக்கத்தித் தாளங்கள்தான். ஆடி மாதம் அம்மன் கோயில் மேடையில் பம்பை உடுக்கை சத்தம் வேண்டும், கானாவுக்கு டோலக்கும் டேப் மேளமும் சேர்ந்து தள்ளுகிற அந்த அடி வேண்டும், டப்பாங்குத்துக்கு தவில் உருட்டு வேண்டும். இது எல்லாம் யாராவது நம்ம ஆள் உட்கார்ந்து செய்தால்தான் உண்டு, கீபோர்டு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி.

யமஹாவின் பெரிய பலம் இங்கேதான் இருக்கிறது. எத்தனையோ வருஷமாக நம்ம ஊரில் அதிகம் புழங்கியது யமஹா பிஎஸ்ஆர். அதனால் தமிழ்ப் பாட்டுக்கு ஸ்டைல் செய்து கொடுக்கிறவர்களும் அதிகம் யமஹாவுக்குத்தான் செய்தார்கள். பென் டிரைவில் கை மாறிக் கை மாறி வந்து சேர்ந்த ஸ்டைல்கள், காசு கொடுத்து வாங்கிய செட்டுகள், பழைய பிஎஸ்ஆர்-எஸ்550 மாடலில் யாரோ செய்தது எஸ்670-க்கு வந்து, அங்கிருந்து எஸ்975-க்கு வந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். யமஹாவுக்குள்ளேயே மேலே போகிறவர், உதாரணமாக எஸ்975-இலிருந்து எஸ்எக்ஸ்900-க்கோ, 2024-இல் வந்த எஸ்எக்ஸ்920-க்கோ போகிறவர், இந்தச் சொத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம். ஸ்டைல் கோப்பு அப்படியே திறக்கும். வால்யூம் அங்கங்கே சரிபார்க்க வேண்டியிருக்கும், சில டோன் கொஞ்சம் மாறும், ஆனால் அன்றைக்கு ராத்திரியே கச்சேரி வாசிக்கலாம்.

ஒரே இடத்தில் யமஹாக்காரர்களும் நின்று யோசிக்க வேண்டும். தவில், பறை, பம்பை எல்லாம் கீபோர்டிலேயே இருக்கிற சத்தம் கிடையாது, எக்ஸ்பான்ஷன் பேக் என்று தனியாக ஏற்றியது. எக்ஸ்பான்ஷன் மேனேஜர் என்ற இலவச மென்பொருளில் கம்ப்யூட்டரில் அந்த பேக்கைத் தயாரித்து, கீபோர்டிலிருந்து எடுத்த இன்ஸ்ட்ருமென்ட் இன்ஃபோ கோப்பை அதில் காட்டி, பிறகு பென் டிரைவ் வழியாக ஏற்றுவார்கள். நீங்களே சேர்த்த சத்தம் என்றால் புது மாடலுக்கு மறுபடி பேக் செய்துகொள்ளலாம். காசு கொடுத்து வாங்கிய பேக், உங்கள் பழைய கீபோர்டுக்கு மட்டும் என்று பூட்டப்பட்டிருந்தால் செய்து கொடுத்தவரிடம்தான் திரும்பப் போக வேண்டும். பேக் இல்லாமல் ஸ்டைலை மட்டும் ஏற்றினால் ஸ்டைல் ஓடும், தவில் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ கேட்கும், இல்லை ஒன்றுமே கேட்காது.

சரி, கோர்குக்கு வருவோம். யமஹா ஸ்டைலை கோர்குக்கு மாற்றவே முடியாதா? முடியும். அதற்கென்று மென்பொருள் இருக்கிறது, மாற்றிக் கொடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் வேலை சுலபம் மாதிரிதான் தெரியும். யமஹா ஸ்டைலில் எட்டு சேனல்: ரிதம் ரெண்டு, பேஸ், கார்டு ரெண்டு, பேட், ஃபிரேஸ் ரெண்டு. கோர்கிலும் எட்டு டிராக்: டிரம், பெர்கஷன், பேஸ், அப்புறம் அஞ்சு ஏசிசி (மற்ற பக்கவாத்தியங்கள்). எட்டுக்கு எட்டு. நாலு வேரியேஷனுக்கு (ஒரே ஸ்டைலின் மாற்று வடிவம்) நாலு வேரியேஷன். ஆனால் சிக்கல் எண்ணிக்கையில் வராது, மூன்று இடங்களில் வரும்.

முதல் இடம் டிரம் மேப், அதாவது டிரம் கிட்டில் எந்தக் கட்டையில் எந்த அடி இருக்கிறது என்ற வரிசை. பேஸ் டிரம், ஸ்நேர், ஹைஹாட் மாதிரி எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஜெனரல் மிடி அடிகள் ரெண்டிலும் ஒரே கட்டையில்தான் இருக்கும். அதற்கு வெளியே ஆளுக்கு ஒரு வழி. நம்ம ஆட்கள் செய்கிற ஃபோக் கிட்டில் தவில் வலந்தலை ஒரு கட்டையில், தொப்பி இன்னொரு கட்டையில், உருட்டு வேறொரு கட்டையில் என்று அவரவர் வசதிக்கு வைத்திருப்பார்கள். மாற்றும்போது அந்தக் கட்டைகளில் கோர்க் கிட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் அடிக்கும். இதில் இன்னொரு சின்ன விஷயம் புது ஆட்களைக் குழப்பும்: யமஹா நடு சி-யை சி3 என்று எழுதும், கோர்க் அதையே சி4 என்று எழுதும். யமஹாவில் பேஸ் டிரம் சி1 என்று குறித்து வைத்திருப்பீர்கள், கோர்கில் அதே கட்டைக்குப் பேர் சி2. பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு கிட் செய்கிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் ஒரு ராத்திரி மிச்சம்.

இரண்டாவது, அடியின் கனம். ஒரே மிடி வேகத்தில் (டெம்போ இல்லை, கட்டையை எவ்வளவு பலமாக அடிக்கிறோம் என்ற அளவு) அடித்தாலும் ஒரு கிட்டில் மெதுவாகக் கேட்பது இன்னொரு கிட்டில் மண்டையில் அடிக்கும். எங்கள் குழுவில் இருந்து பிரிந்து காசிமேடு பக்கம் தனிக் குழு வைத்த நண்பர் ஒருவர் பிஏ1000-க்கு மாறிய புதிதில் ஒத்திகைக்குக் கூப்பிட்டிருந்தார். வெளியே கொடுத்து மாற்றி வாங்கிய ஸ்டைல் எல்லாம் ஏற்றியிருந்தார். கானா ஒன்று ஆரம்பித்தார், தாளம் சரியாக ஓடுகிறது, பேஸ் சரியாக ஓடுகிறது, ஆனால் யாருக்கும் தலை ஆடவில்லை. ஆக்டோபேட் வாசிக்கிற அண்ணன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாபா, அந்த ரெண்டாவது அடி எங்க போச்சு?" என்று கேட்டார். அடி போகவில்லை, இருந்தது. டோலக்கில் ரெண்டு பெரிய அடிக்கு நடுவில் விரல் நுனியால் தட்டுகிற சின்ன அடி இருக்குமே, அது பழைய கிட்டில் மெல்லிசாகக் கேட்டுக்கொண்டிருந்தது, புது கிட்டில் அந்த வேகத்துக்குச் சத்தமே எழும்பவில்லை. அந்தச் சின்ன அடிதான் ஆளைத் தள்ளுவது. ஸ்டைல் எடிட்டில் போய் அந்த ஒரு அடியின் அளவை மட்டும் ஏற்றிய பிறகு அதே பாட்டுக்கு அண்ணன் குச்சியை எடுத்துவிட்டார். ஒரு ஸ்டைலுக்கு இவ்வளவு வேலை என்றால் நீங்கள் சேர்த்து வைத்திருக்கிற அத்தனைக்கும் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது இடம் கார்டு மாறும்போது பேஸும் ஃபிரேஸும் எப்படி நடந்துகொள்கின்றன என்பது. யமஹாவில் ஸ்டைல் செய்கிறவர் பெரும்பாலும் சி மேஜர்7-இல் ஒரு தடவை வாசித்து வைப்பார், மற்ற கார்டு எல்லாவற்றுக்கும் அதை எப்படி மாற்றுவது என்று ஒரு விதி கூடவே இருக்கும், கீபோர்டு அந்த விதிப்படி மாற்றிக்கொள்ளும். கோர்கில் வேறு யோசனை. ஒவ்வொரு வேரியேஷனுக்கும் ஆறு கார்டு வேரியேஷன் வரை தனித்தனியாக எழுதி வைக்கலாம்: மேஜருக்கு ஒரு பேஸ் ஓட்டம், மைனருக்கு வேறொரு பேஸ் ஓட்டம், செவன்த்துக்கு இன்னொன்று. யமஹாவில் இருந்து மாற்றி வருகிற ஸ்டைல் இந்த வசதியைத் தொடாமலே வரும், அதனால் சில நேரம் மைனரில் பேஸ் ஒட்டாமல் திரியும். ஆனால் கோர்கிலேயே உட்கார்ந்து செய்கிறவருக்கு இது பெரிய வரம். நம்ம சினிமாப் பாட்டுகளில் மைனர் கார்டு வரும்போது பேஸ் கிடார் சும்மா ஒரு சுரம் இறங்கி நிற்பதில்லை, தனியாக ஒரு வரி பாடும். அதை அப்படியே எழுதி வைக்க கோர்கில் இடம் இருக்கிறது.

இங்கேதான் என் முடிவு பிரிகிறது. ரிதத்தை நீங்களே செய்கிறவரா, இல்லை மற்றவர் செய்ததை வாங்கி வாசிக்கிறவரா? நீங்களே செய்கிறவர் என்றால் கோர்க் பக்கம் தாராளமாகப் போகலாம், அதுவும் சத்தத்தையே நீங்கள் பதிவு செய்கிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். பிஏ700, பிஏ1000 இரண்டிலும் வேவ் கோப்பையும் (பதிவு செய்த சத்தம்) சவுண்ட்ஃபான்ட்டையும் (சத்தங்களின் தொகுப்பு) உள்ளேயே ஏற்றி, வெட்டி, டிரம் கிட்டில் வேண்டிய கட்டையில் உட்கார வைக்கலாம். கம்ப்யூட்டர் பக்கம் போக வேண்டியதில்லை. சாயங்காலம் தெருவில் ஒரு பறை செட் போனபோது போனில் பதிவு செய்த ஒரு நல்ல அடியை அன்றைக்கு ராத்திரியே கிட்டில் சேர்த்து அடித்துப் பார்க்கலாம். யமஹாவில் ஒரே ஒரு அடி சேர்க்க வேண்டும் என்றாலும் கம்ப்யூட்டரில் பேக்கைத் திறந்து, சேர்த்து, முழுப் பேக்கையும் மறுபடி தயாரித்து, மறுபடி ஏற்ற வேண்டும். பெரிய பேக் என்றால் நேரம் எடுக்கும். பொறுமையும் லேப்டாப்பும் இருக்கிறவருக்கு இது குறையே இல்லை, யமஹா மென்பொருளும் சுத்தமான மென்பொருள். ஆனால் உட்கார்ந்த இடத்தில் செய்து கேட்டு, பிடிக்கவில்லை என்றால் அழித்து மறுபடி செய்கிற பழக்கம் உள்ளவருக்கு கோர்க் கையோடு ஒத்துப்போகும்.

மற்றவர் செய்ததை வாங்கி வாசிக்கிறவர் என்றால் யமஹாவிலேயே இருங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது. நல்லா பாடவைக்கத் தெரிந்த, நல்லா பிட் (பாட்டுக்கு நடுவில் வருகிற இசைத் துண்டு) வாசிக்கத் தெரிந்த எத்தனையோ பேருக்கு ஸ்டைல் செய்ய நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை. அவர்கள் கோர்குக்குப் போனால் கையில் நல்ல கருவி இருக்கும், வாசிக்க அடி இருக்காது.

குத்து ஸ்டைலை மாற்றும்போது டெம்போ எண்ணையும் பாருங்கள். சிலர் குத்தை 6/8 என்று செய்திருப்பார்கள், சிலர் 4/4-இல் டிரிப்ளெட்டாக (ஒரு அடிக்குள் மூன்று) செய்திருப்பார்கள். காதுக்கு ரெண்டும் ஒரே வேகம். திரையில் தெரிகிற எண் கால் நோட்டுக் கணக்கு என்பதால், 4/4-இல் 130 என்று காட்டுகிற அதே நடை 6/8-இல் 195 என்று காட்டும். பாட்டுப் பட்டியலில் பேருக்குப் பக்கத்தில் டெம்போ எழுதி வைத்திருக்கிறவர்கள், புதிதாக வாங்கிய ஸ்டைலில் பழைய எண்ணைப் போட்டால் பாடகர் மூச்சு வாங்கிவிடுவார், இல்லை தூங்கிவிடுவார்.

அடுத்தது மேடைப் பழக்கம். பெரம்பூரில் ஒரு வரவேற்பு, திருவொற்றியூரில் ஒரு கோயில் மேடை என்று ஓடுகிறவர்களுக்கு ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பிக்க இருக்கிற இடைவெளி ரொம்பக் கொஞ்சம். அண்ணன் நாலரைக் கட்டை சுருதியில் பாடி முடிப்பார், அடுத்து வருகிற தங்கச்சி ஒரு கட்டை என்பாள், அதற்குள் ஸ்டைல், டோன், டெம்போ, டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றம்) நாலும் மாறியிருக்க வேண்டும். யமஹாவில் இதற்கு ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது இந்த அமைப்பு எல்லாவற்றையும் ஒரு பட்டனில் சேமித்து வைப்பது. எஸ்எக்ஸ் வரிசையில் ஒரு பேங்கில் பத்து பட்டன், முந்தைய எஸ் வரிசையில் எட்டு. அதன் மேல் பிளேலிஸ்ட் என்று பாட்டுப் பேரில் அடுக்கி வைத்துக்கொள்ளலாம். கோர்கில் சாங்புக். பாட்டுப் பேரைத் தொட்டால் ஸ்டைல், டெம்போ, டிரான்ஸ்போஸ், அந்தப் பாட்டுக்கான நாலு டோன் அமைப்பு எல்லாம் சேர்ந்து வரும், கல்யாணத்துக்கு ஒரு லிஸ்ட், கோயிலுக்கு ஒரு லிஸ்ட் என்று பிரித்தும் வைக்கலாம். என்னைக் கேட்டால் நிறையப் பாட்டு வாசிக்கிறவருக்கு சாங்புக் ஒரு படி மேல், தேடுவது சுலபம். ஒரே பாட்டுக்குள் நாலைந்து தடவை டோன் மாற்றி பிட் வாசிக்கிறவருக்கு யமஹாவின் பத்து பட்டன் வரிசை கைக்கு இதம், பார்க்காமலே தட்டலாம். எதுவாக இருந்தாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இது தானாகப் போகாது. உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாக மறுபடி அமைக்க வேண்டும். பிராண்டு மாற்றத்தின் நிஜமான விலையில் பெரிய பங்கு இந்த ராத்திரிகள்தான், கடைக்காரர் பில்லில் அது வராது.

இடது கைக்கும் ஒரு வார்த்தை. யமஹாவில் ஒரு விரல், ரெண்டு விரலில் கார்டு பிடித்துப் பழகியவர்கள் கோர்கில் கார்டு ரெகக்னிஷன் எந்த மோடில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மூன்று நோட் மோடில் இருந்தால் மூன்று விரலும் வைத்தால்தான் கார்டு மாறும், பழைய பழக்கத்தில் ரெண்டு விரல் வைத்துவிட்டு கீபோர்டு கேட்கவில்லை என்று தவிப்பார்கள். பேஸ் மாற்றி வாசிக்கிற கார்டுகளுக்கு யமஹாவில் ஃபிங்கர்டு ஆன் பேஸ், கோர்கில் பேஸ் இன்வெர்ஷன் பட்டன். ரெண்டு மூன்று கார்டே சுற்றிச் சுற்றி வருகிற கானாவுக்கு கார்டைப் பதிவு செய்து சுற்றவிட்டு இடது கையை விடுவிக்கிற வசதி ரெண்டு பக்கமும் உண்டு: எஸ்எக்ஸ்900-இல் கார்டு லூப்பர், கோர்கில் கார்டு சீக்வென்ஸர். எஸ்எக்ஸ்700-இல் அது கிடையாது, கவனம்.

வலது கையில் கமகம் வாசிக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது. எஸ்970, எஸ்975 வரை பிட்ச் பெண்ட் (சுரத்தை இழுப்பது) சக்கரம், மாடுலேஷன் (சுரத்தில் நடுக்கம் சேர்ப்பது) தனிச் சக்கரம். எஸ்எக்ஸ் வரிசையில் யமஹாவே ஜாய்ஸ்டிக்குக்கு வந்துவிட்டது, கோர்கில் எப்போதும் ஜாய்ஸ்டிக்தான். சக்கரத்தில் பழகிய கட்டைவிரல் ஜாய்ஸ்டிக்கில் சுரத்தை இழுக்கும்போது கொஞ்சம் மேலேயும் தள்ளிவிடும், வேண்டாத இடத்தில் நடுக்கம் வந்து சேரும். நாதஸ்வர டோனில் ஒரு நீண்ட சுரத்தை இழுத்துப் பார்த்தால் உடனே தெரியும். பழகினால் போய்விடும், இல்லையென்றால் அந்த டோனுக்கு மட்டும் மாடுலேஷனைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். எப்படியும் இந்த விஷயத்தில் புது யமஹாவும் கோர்கும் சமம்.

இப்போது டோன். கடையில் ஹெட்போனில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நம்ம தெரு மேடையில் பெரும்பாலும் எல்லாம் மோனோவில்தான் போகும், பெரிய பேஸ் பாக்ஸ் ரெண்டு பக்கமும் நிற்கும், எதிரே வீட்டுச் சுவரில் மோதித் திரும்பி வரும். அந்த நிலைமையில் யமஹாவின் பியானோ, கிடார், புல்லாங்குழல் வகைகள் பாடகர் குரலுக்கு நடுவில் தெளிவாக வெளியே வரும், சூப்பர் ஆர்ட்டிகுலேஷன் டோன்களில் கிடார் நரம்பு உரசல்கூடக் கேட்கும். கோர்கின் பிராஸ், சிந்த், பேட் எல்லாம் உடம்போடு இருக்கும், 80-களின் கடைசி, 90-களின் பாட்டுகளுக்கு அந்தச் சத்தம்தான் வேண்டும், 1988-இல் எம்1 சிந்தசைசர் கொண்டுவந்த கம்பெனியாயிற்றே. அதே உடம்பு தெருவில் பேஸ் பாக்ஸோடு சேரும்போது கும்மென்று ஆகிவிடும், மிக்ஸரில் லோ குறைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். எழுபதுகளின் மெலடியும் பக்திப் பாட்டும் அதிகம் வாசிக்கிற குழுவுக்கு யமஹா, குத்தும் தொண்ணூறுகளும் அதிகம் என்றால் கோர்க். காது விஷயம், மாற்றுக் கருத்து இருக்கலாம், என் காது இப்படித்தான் சொல்கிறது.

ரிதத்தைத் தனி லைனில் எடுத்து மிக்ஸருக்குக் கொடுக்க முடிந்தால் சவுண்ட் ஆபரேட்டருக்கு வேலை சுலபம். எஸ்எக்ஸ்900-இல் மெயின் போக ரெண்டு சப் அவுட் (தனி வெளியீடு) இருக்கிறது. அப்படி இல்லாத கீபோர்டு என்றால் ஸ்டைல் முழுவதையும் இடது பக்கம் மட்டும் போகும்படி பேன் செய்து, வலது கை டோன்களை வலது பக்கம் பேன் செய்து, ரெண்டு கேபிளைத் தனித்தனி சேனலில் போடுங்கள். மோனோ மேடையில் இதனால் எந்த நஷ்டமும் இல்லை.

கீபோர்டிலேயே மைக் செருகிப் பாடுகிறவர்கள் மாடலைப் பார்த்து வாங்க வேண்டும். பிஏ700-இல் மைக் இன்புட்டே கிடையாது. பிஏ1000-இல் உண்டு, குரலுக்கு எஃபெக்ட் சேர்க்கிற டிசி ஹெலிகான் வோகல் பிராசஸரோடு. எஸ்எக்ஸ்700-இல் மைக் செருகலாம், வோகல் ஹார்மனி (பாடுகிற குரலோடு துணைக் குரல் சேர்ப்பது) இல்லை. எஸ்எக்ஸ்900-இல் இரண்டும் உண்டு. ஒற்றை ஆளாக வரவேற்புகளில் பாடி வாசிக்கிற ஒருவர் விலையைப் பார்த்து பிஏ700 எடுத்தால் அப்புறம் தனியாக மிக்ஸர் சுமக்க வேண்டும்.

சர்ச்சில் வாசிக்கிறவர்கள் கணக்கு வேறு. ராயபுரம், பெரம்பூர் பக்கம் எந்தச் சபைக்குப் போனாலும் கீபோர்டு இருக்கிறது, வாரா வாரம் வாசிக்கிற பிள்ளைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அங்கே ஒருவர் ரசனைக்கு வாங்கினால் அடுத்தவர் தடுமாறுவார். பாதிப் பேருக்கு ஏற்கெனவே பழகியது யமஹா என்றால் யமஹாவே வாங்குங்கள். அதற்கு மேல் காரணம் தேட வேண்டாம்.

மற்ற பிராண்டுகளை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். ரோலண்ட் இ-ஏ7, பிகே-9 எல்லாம் சத்தத்தில் அருமை, ஆனால் நம்ம ஊர் ஸ்டைல் கிடைப்பது கோர்கைவிடக் கஷ்டம். கெட்ரான் டிரம்ஸ் நிஜ ஆடியோவாக இருக்கும், ஐரோப்பியப் பாட்டுக்கு அதைப் போல வராது, விலையும் அதிகம், நம்ம குத்துக்கு அந்த ஆடியோ உதவாது. கேசியோ சிடி-எக்ஸ்9000ஐஎன், யமஹா பிஎஸ்ஆர்-ஐ500 இரண்டும் இந்தியாவுக்கென்றே வந்தவை, கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு நல்ல கருவி, எஸ்975 வாசித்த கைக்குப் போதாது.

இன்னொரு வழி இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கையில் இருக்கிற யமஹாவை விற்காமல் அதையே ஸ்டைலுக்கு வைத்துக்கொண்டு, மிடி வழியாக ஒரு எக்ஸ்பிஎஸ்-10 மாதிரி சிந்தசைசரை வலது கைக்குச் சேர்ப்பது. டோன் போதவில்லை என்பதுதான் உங்கள் குறை என்றால் இது எஸ்எக்ஸ்900, பிஏ1000 ரெண்டையும்விட மிகக் குறைந்த செலவு. அவை ரெண்டும் புதிதாக வாங்கினால் லட்சத்துக்கு மேலே. மேடையில் ரெண்டு ஸ்டாண்டு, ஷேர் ஆட்டோவில் ரெண்டு பை, அதுதான் சிரமம். எஸ்எக்ஸ்900 ஒன்றே 11.5 கிலோ.

பழையது வாங்குகிறவர்கள் கடலோரக் காற்றை மறக்க வேண்டாம். காசிமேடு, எண்ணூர் பக்கம் இருந்து வருகிற கீபோர்டு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கட்டைக்குக் கீழே இருக்கிற ரப்பர் கான்டாக்டில் ஈரமும் தூசும் படிந்திருக்கும். பியானோ டோன் வைத்து ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக, ஒரே அழுத்தத்தில், கீழிருந்து மேல் வரை வாசியுங்கள். ஏதாவது ஒன்று திடீரென்று கத்தினால் அந்த ரப்பர் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். பெரிய செலவில்லை, விலை பேசும்போது சொல்லலாம். டச் ஸ்கிரீன் மூலைகளையும் தொட்டுப் பாருங்கள், அது போனால்தான் செலவு. கோர்க் பழையது வாங்கினால் விற்கிறவர் ஏற்றி வைத்திருக்கிற கிட், ஸ்டைல் எல்லாம் சேர்ந்த செட் கோப்பை அழிக்காமல் அப்படியே பென் டிரைவில் நகல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். சில நேரம் கீபோர்டைவிட அதுதான் மதிப்பு.

மாறுவது என்று முடிவு செய்துவிட்டால் எப்போது மாறுவது என்பதையும் யோசித்துச் செய்யுங்கள். ஆடிக்கு முந்தின வாரம் புதுக் கீபோர்டு எடுக்காதீர்கள். காணும் பொங்கல் நிகழ்ச்சிகள் முடிந்த பிறகு எடுத்தால் ஆடி வரை ஆற அமர நாள் இருக்கிறது. அடிக்கடி வாசிக்கிற பாட்டுகளை மட்டும் முதலில் அமையுங்கள், எல்லாவற்றையும் மாற்ற நினைத்தால் பாதியில் அலுத்துவிடும். முதலில் ஒரு கானா, ஒரு அம்மன் பாட்டு, ஒரு மெலடி, ஒரு மேற்கத்திய பீட் என்று நாலு மாதிரி எடுத்து அதில் அடியின் கனம், பேஸ், டெம்போ மூன்றும் சரியாக வந்த பிறகு மற்றதைத் தொடுங்கள், அந்த நாலில் கற்றுக்கொண்டது மிச்சத்துக்கு உதவும். கடைக்குப் போகும்போதே உங்கள் ஸ்டைலில் ரெண்டு, ரெஜிஸ்ட்ரேஷன் பேங்க் ஒன்று, தவில் வேவ் ஒன்று பென் டிரைவில் எடுத்துப் போய் அங்கேயே ஏற்றிக் கேளுங்கள், நல்ல கடைக்காரர் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். பழைய யமஹாவை அந்த ஆடி முடியும் வரை விற்க வேண்டாம். புதுக் கீபோர்டில் இன்னும் அமைக்காத பாட்டை யாராவது சீட்டு எழுதிக் கேட்டால் அதில்தான் வாசிக்க வேண்டியிருக்கும்.